எழுதிய உயிலைக் காலத்துக்கேற்பப் புதுப்பித்து வைப்பது எப்படி

எங்கள் அப்பா 1996ஆம் ஆண்டு உயில் எழுதினார். குடியிருந்த வீடு எனக்கு, ஊருக்கு வெளியே வாங்கிப் போட்டிருந்த மனை என் தங்கைக்கு, நகைகள் அம்மாவுக்கு என்று மூன்றே பத்தியில் தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்து வைத்தார். 2004இல் அம்மாவின் இருதய அறுவைச் சிகிச்சைக்காக அந்த மனையை விற்றார். விற்ற அன்றும் அதற்குப் பிறகும் உயிலின் நினைவு வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. 2017இல் அவர் மறைந்தபின் உறையைப் பிரித்துப் படித்தபோது, தங்கைக்கென்று எழுதியிருந்த பத்தி, வேறொரு குடும்பம் பதின்மூன்று ஆண்டுகளாக வீடு கட்டிக் குடியிருக்கும் இடத்தைக் காட்டியது. அந்தப் பத்தியால் அவளுக்குச் சட்டப்படி கிடைத்தது ஒன்றுமில்லை. “அப்பா என்னை மறந்துட்டாராண்ணா?” என்று அவள் கேட்டாள். அவர் மறக்கவில்லை; எழுதியதை மீண்டும் எடுத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் இருவரும் பேசி, வீட்டில் பாதியை அவளுக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். எல்லாக் குடும்பங்களிலும் இது இப்படி முடிவதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

உயில் எழுதுவதைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள். எழுதிய உயிலைப் பேணுவதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 62ஆம் பிரிவு, தெளிந்த மனநிலையில் இருக்கும்வரை ஒருவர் தம் உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் அல்லது ரத்து செய்யலாம் என்று அனுமதிக்கிறது. எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை. தான செட்டில்மென்டுக்கும் உயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிட்டால் சொத்து பெரும்பாலும் அன்றே கைமாறிவிடும், பிறகு மனம் மாறினாலும் திரும்பப் பெறுவது கடினம். உயிலோ எழுதியவரின் உயிர் இருக்கும்வரை அவர் கையில்தான் இருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துவது எப்படி என்பதைத் தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனத்தில் கொண்டு, படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதல் படி: ஆண்டுக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுதல்

நாளைக் குறித்து வைக்காவிட்டால் இந்த வேலை நடக்காது. நான் ஜூலை மாதத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறேன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்காக வங்கி விவரங்கள், வைப்புத்தொகைச் சான்றுகள், காப்பீட்டு ரசீதுகள் எல்லாம் எப்படியும் அப்போது மேசைக்கு வந்துவிடும். அவற்றோடு உயிலின் நகலையும் எடுத்து வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, முன்பின் தெரியாத ஒருவர் படிப்பதைப் போலப் படிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஆண்டு நாளுக்குக் காத்திராமல் உடனே எடுத்துப் பார்க்க வேண்டிய தருணங்களும் உண்டு. சொத்து வாங்குவது, விற்பது, அடமானம் வைப்பது, பாகப்பிரிவினை நடப்பது, வீட்டில் ஒரு திருமணம், ஒரு குழந்தையின் பிறப்பு, ஒரு மரணம், ஒரு மணமுறிவு ஆகியவற்றில் எது நடந்தாலும் அந்த மாதத்திலேயே உயிலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: சொத்து விவரத்தை இன்றைய நிலையோடு ஒப்பிடுதல்

அதிகப் பிழைகள் ஒளிந்திருப்பது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஒரு சொத்தை ஒருவருக்கென்று உயிலில் எழுதி வைத்து, எழுதியவர் இறக்கும்போது அந்தச் சொத்து அவருக்குச் சொந்தமாக இல்லையென்றால், அல்லது அது வேறு வகைச் சொத்தாக மாறியிருந்தால், அந்தக் கொடை அற்றுப்போகும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு. விற்ற பணம் வங்கியில் அப்படியே இருந்தாலும், மனையைப் பெறவேண்டியவர் அந்தப் பணத்தைத் தனக்கென்று கேட்க முடியாது. என் தங்கைக்கு நேர்ந்தது இதுதான்.

விற்பனையாவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். சொத்து கையில் இருக்கும்போதே அதன் உருவம் மாறுவது பலருக்குத் தோன்றுவதேயில்லை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பழைய தனி வீட்டை இடித்து, கட்டுமான நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, பதிலுக்கு இரண்டோ மூன்றோ அடுக்குமாடி வீடுகளைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் பரவிவிட்டது. இடிப்பதற்கு முன் எழுதிய உயில் “தரைத்தளமும் மாடியும் கொண்ட வீடும் அதன் அடிமனையும்” என்று சொல்லும். இப்போது கையில் இருப்பதோ, அடிமனையில் பிரிபடாத பாகமும் எண்ணிட்ட இரண்டு வீடுகளும். தரைத்தளத்தை மகனுக்கும் மாடியை மகளுக்கும் எழுதியிருந்தால், முதல் மாடியிலும் நான்காம் மாடியிலும் உள்ள வீடுகளில் எது யாருக்கு என்று அந்த உயிலால் சொல்ல முடியாது. இதில் வழக்கு வந்தால் எந்தப் பக்கமும் வாதாட இடமிருக்கும் என்பதே பெரிய ஆபத்து. கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் ஒரு முறையும், வீடுகளின் சாவி கைக்கு வரும் நாளில் மறுமுறையும் உயிலை மாற்றி எழுதுவதுதான் சரியான வழி. முதல் முறையில் “ஒப்பந்தப்படி எனக்கு வரவேண்டிய வீடுகள்” என்று பொதுவாக எழுதினால் போதும். இரண்டாம் முறையில் வீட்டு எண், தளம், சதுர அடி, பிரிபடாத பாகத்தின் அளவு ஆகியவற்றைப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதிவிட வேண்டும்.

கிராமத்து நிலமானால் பட்டாவையும் சிட்டாவையும் புதிதாக எடுத்து, உயிலில் உள்ள புல எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உட்பிரிவு செய்யப்பட்டு எண் மாறியிருக்கலாம். ஊர் நகராட்சியோடு சேர்ந்து நகர நில அளவை எண் புதிதாக வந்திருக்கலாம். மாவட்டப் பெயரே மாறியிருப்பதும் உண்டு. 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவையும் 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின; அதற்கு முன் எழுதிய உயில்களில் பழைய மாவட்டமே இருக்கும். இதனால் உயில் செல்லாமல் போய்விடாது. ஆனால் பட்டா மாற்றத்துக்கு அலையப்போகிற உங்கள் பிள்ளைகள், இரண்டு விவரங்களும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். மூலப்பத்திரத்தின் ஆவண எண்ணையும் ஆண்டையும் உயிலில் குறிப்பிட்டிருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

வங்கிக் கணக்குகளுக்கு இதற்கு நேர்மாறான அறிவுரை சொல்வேன்: கணக்கு எண்ணையும் வைப்புத்தொகைச் சான்று எண்ணையும் உயிலுக்குள் எழுத வேண்டாம். வைப்புத்தொகை புதுப்பிக்கப்படும்போது எண் மாறக்கூடும். வங்கிகளே ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது நினைவிருக்கும். “என் மறைவின்போது என் பெயரில் எந்த வங்கியிலும் அஞ்சலகத்திலும் இருக்கும் தொகை முழுவதும்” என்று எழுதி, யாருக்கு எத்தனை பங்கு என்பதை விகிதமாகக் குறிப்பிட்டுவிட்டால் அந்தப் பத்தி பழையதாகாது. எண்களைத் தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படியை முடிப்பதற்கு முன், மிச்சச் சொத்துக்கான வாசகம் உயிலில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். “மேலே குறிப்பிடப்படாமல், என் மறைவின்போது எனக்குச் சொந்தமாக இருக்கும் ஏனைய அசையும் அசையாச் சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு இன்ன பங்காகச் சேர வேண்டும்” என்ற ஒரே வாக்கியம், உயில் எழுதியபின் நீங்கள் வாங்கிய எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். அது இல்லையென்றால் அந்தச் சொத்துகளைப் பொறுத்தவரை நீங்கள் உயிலே எழுதாமல் இறந்ததாகக் கருதி, வாரிசுரிமைச் சட்டப்படிதான் பங்கு பிரியும்.

மூன்றாம் படி: உயிலில் உள்ள ஆட்களைச் சரிபார்த்தல்

சொத்தைப் பெறுபவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது உறவைப் பொறுத்து மாறும். தம்பிக்கோ நண்பருக்கோ எழுதியிருந்தால் அந்தக் கொடை பொதுவாக அற்றுப்போய், மிச்சச் சொத்தோடு சேர்ந்துவிடும். உங்கள் மகனோ மகளோ, தமக்குப் பிள்ளைகள் இருக்க, உங்களுக்கு முன் இறந்துபோனால், 109ஆம் பிரிவு அந்தப் பங்கைக் காப்பாற்றும்; அவர் உங்களுக்குப் பிறகு உடனே இறந்ததைப் போலக் கருதி, அது அவருடைய சொத்தாகப் பிரியும். அது பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமே போகும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் “அவர் எனக்கு முன் காலமானால் இன்னாருக்கு” என்று மாற்றுப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதும்போது மனம் கூசத்தான் செய்யும், இருந்தாலும் எழுதிவிடுங்கள்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குப் பாதுகாவலர் நியமித்திருந்தால், அவர்கள் இன்று என்ன வயதில் இருக்கிறார்கள், அந்தப் பாதுகாவலர் இன்றும் அந்தப் பொறுப்பை ஏற்கும் நிலையில் இருக்கிறாரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உயிலில் உள்ளபடி சொத்துகளைப் பிரித்துக் கொடுக்கும் நிறைவேற்றுநராக உங்களைவிட மூத்தவரை நியமித்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. சாட்சிகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிவந்தால், சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருந்து வரக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். இருவரும் இறந்துவிட்டால் கையெழுத்தை அடையாளம் காட்டி மெய்ப்பிக்க வழி உண்டு என்றாலும் அது கடினமான வழி. இருபது ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர்கள் இருவர் போட்ட கையெழுத்தோடு உயில் இருக்கிறது, அவர்கள் இப்போது எங்கே என்று தெரியவில்லை என்றால், அது ஒன்றே புதிய உயில் எழுதப் போதுமான காரணம்.

திருமணத்தின் விளைவு மதத்துக்கு மதம் மாறுகிறது. இந்துக்களுக்குத் திருமணத்தால் பழைய உயில் ரத்தாவதில்லை; ஆகவே மணமாவதற்கு முன் பெற்றோருக்கும் தம்பிக்கும் எழுதியது மனைவி வந்த பின்னும் அப்படியே நிற்கும், அவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது. கிறிஸ்தவர்களுக்கோ திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு தானாகவே ரத்தாகிவிடுகிறது. ஆகவே மணமானபின் புதிதாக எழுத வேண்டும். இஸ்லாமியர்களுக்கு விதிகள் வேறு: இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி உயிலால் கொடுக்க முடியாது. சிறப்புத் திருமணச் சட்டப்படி வேறு மதத்தவரை மணந்தவர்களுக்கு வாரிசுரிமை விதிகளே மாறிவிடும் என்பதால் அவர்கள் வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் எழுத வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் இல்லாத இந்துப் பெண் கணவனை இழந்தபின் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துகூட முதலில் கணவனின் வாரிசுகளுக்கே போகும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. பெற்ற தாய் தந்தையர் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். தாய் தந்தையிடமிருந்து வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். சம்பாதிக்கும் பெண்கள், குறிப்பாகக் கணவனை இழந்தவர்கள், தம் உயில் பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது, அது இன்றைய விருப்பத்தைச் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தை முழுவதுமாகப் பங்கிட்டு எழுதிய பழைய உயில்களையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் ஒருவர் தம் பங்கை மட்டுமே உயிலால் கொடுக்கலாம். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பிறப்பாலேயே சம பங்கு உண்டு. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டிய தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கியது. மகன்களுக்கு மட்டுமே பங்கு என்று எண்ணி எழுதிய கணக்கு இன்று பொருந்தாது.

நான்காம் படி: திருத்துவதா, புதிதாக எழுதுவதா என்று முடிவு செய்தல்

பேனாவை எடுத்து உயிலில் ஒரு பெயரை அடித்து மேலே வேறொன்றை எழுதுவதை மட்டும் செய்யாதீர்கள். சாட்சிகளோடு முறையாகக் கையெழுத்திடப்படாத அடித்தலுக்கும் இடைச்செருகலுக்கும் சட்டத்தில் மதிப்பில்லை. அதனால் உங்கள் புதிய விருப்பமும் நிறைவேறாது, உயிலின் மேல் சந்தேகமும் விழும்.

நிறைவேற்றுநர் பெயர் போன்ற ஒரே ஒரு மாற்றமானால் கோடிசில் எனப்படும் திருத்த உயில் போதும். இன்ன தேதியிட்ட உயிலின் இன்ன பத்தி இவ்வாறு மாற்றப்படுகிறது, மற்றவை அப்படியே தொடர்கின்றன என்று அதில் எழுத வேண்டும். அதற்கும் உயிலைப் போலவே இரண்டு சாட்சிகள் தேவை. இருப்பினும் என் பரிந்துரை, பங்கீட்டில் எந்த மாற்றம் வந்தாலும் முழு உயிலையும் புதிதாக எழுதுவதே. ஒரு உயிலும் மூன்று திருத்தங்களும் சேர்ந்தால் நான்கு ஆவணங்களையும் எட்டுச் சாட்சிக் கையெழுத்துகளையும் மெய்ப்பிக்க வேண்டிவரும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும் என்பதால், புதிதாக எழுதுவதில் செலவும் பெரிதாக இல்லை.

புதிய உயிலின் தொடக்கத்திலேயே “இதற்கு முன் நான் எழுதிய எல்லா உயில்களையும் திருத்த உயில்களையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன்; இதுவே என் கடைசி உயில்” என்று எழுதி, பழைய உயிலின் தேதியையும், பதிவு செய்திருந்தால் அதன் எண்ணையும் குறிப்பிடுங்கள். யாருக்காவது பங்கு குறைந்திருந்தால் ஏன் என்பதை இரண்டு வரியில், கோபமில்லாமல் எழுதுங்கள்: “மகளின் திருமணத்தின்போது இன்ன மனையை ஏற்கனவே கொடுத்துவிட்டேன்” என்பது போல.

ஐந்தாம் படி: கையெழுத்தும் பதிவும்

சாட்சிகள் இருவரும் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது உங்கள் கையெழுத்துதான் என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பின்னர் அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுபவரையோ அவருடைய மனைவி கணவரையோ சாட்சியாக வைக்காதீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அப்படிச் செய்தால் அந்தக் கொடையே செல்லாது. மற்றவர்களுக்கும் அது வீண் சந்தேகத்துக்கு வழிவிடும். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம், உயிலால் பெரும்பயன் அடைபவரே அதைத் தயாரிப்பதில் முன்னின்றால் அந்தச் சந்தேகத்தை அவர்தான் போக்க வேண்டும் என்று வகுத்துவிட்டது. ஆகவே பெரிய பங்கு பெறும் மகன் வழக்கறிஞரைத் தேடுவதும், தட்டச்சு செய்து கொண்டுவருவதும், பக்கத்தில் நின்று கையெழுத்து வாங்குவதும் வேண்டாம். எழுபதைத் தாண்டியவர்கள் அதே நாளில் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி இணைத்துக்கொள்வது நல்லது.

பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத பிந்தைய உயிலாலும் ரத்து செய்ய முடியும். முறையாக எழுதப்பட்ட கடைசி உயிலே நிற்கும். ஆனால் முதல் உயில் பதிவானதாக இருந்து இரண்டாவது வெறும் தாளில் இருந்தால், இரண்டாவதைப் போலி என்று சொல்ல ஆசைப்படுபவருக்கு நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும். முதலாவதைப் பதிவு செய்திருந்தால் அடுத்ததையும் பதிவு செய்யுங்கள். உயில், பதிவு அலுவலகத்தில் அதற்கென்று தனியாக உள்ள மூன்றாம் புத்தகத்தில் பதிவாவதால், நீங்கள் இருக்கும்வரை வேறொருவர் அதன் நகலைப் பெற முடியாது. நடமாட முடியாதவர்கள் தகுந்த காரணம் காட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்துகொள்ளவும் பதிவுச் சட்டம் இடம் தருகிறது.

ஆறாம் படி: நாமினி பெயர்களை உயிலோடு இணைத்துப் பார்த்தல்

நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வைத்திருக்கும் பொறுப்பாளர்தான். உரிமை உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோ செல்லும். நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே விதி என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அவர்களே தொகைக்கு உரியவர்கள். நாமினி ஒருவர், உயிலில் மற்றொருவர் என்று இருந்தால், ஒருவர் கையில் பணமும் மற்றொருவர் கையில் உரிமையும் போய்ச் சேர்ந்து, இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புத்தொகைக்கு நான்கு நாமினிகள்வரை பங்கு விகிதத்தோடு குறிப்பிட முடிவதால், உயிலில் உள்ள விகிதத்தையே அங்கும் எழுதிவிடலாம். வருங்கால வைப்புநிதிக்குத் திருமணத்துக்கு முன் தாய் தந்தையை நாமினியாக எழுதியிருந்தவர்கள், திருமணத்துக்குப் பின் அது செல்லாது என்பதை அறிந்து புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

ஏழாம் படி: பழையதை அகற்றுதல், புதியதை வைத்தல்

பழைய உயிலின் மூலத்தை நீங்களே கிழித்துவிடலாம். பழைய நகல்கள் யார் யாரிடம் இருக்கின்றனவோ அவற்றையும் திரும்ப வாங்கிவிடுங்கள். மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் ஒப்படைத்திருந்தால் விண்ணப்பித்துத் திரும்பப் பெறுங்கள்.

புதிய உயிலின் மூலத்தை உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைக்க வேண்டாம். லாக்கரைத் திறக்க எந்தத் தாள் தேவைப்படுமோ அதுவே உள்ளே பூட்டியிருக்கும். வீட்டில் ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, நிறைவேற்றுநரிடமும் இன்னொருவரிடமும் இடத்தைச் சொல்லிவைத்தால் போதும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று பெறும் நடைமுறை தொடர்பான சட்டம் அண்மையில் மாற்றம் கண்டிருப்பதால், சென்னை நகருக்குள் சொத்து உள்ளவர்கள் பழைய அறிவுரையை நம்பியிராமல் வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டு, அவர் சொன்னதை நிறைவேற்றுநருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அதே பெட்டியில் கணக்கு எண்கள் அடங்கிய நோட்டையும் வைத்து, ஒவ்வோர் ஆண்டும் படித்துப் பார்த்த தேதியை அதில் எழுதிக் கையெழுத்திடுங்கள். என் நோட்டில் இப்போது ஏழு தேதிகள் இருக்கின்றன. ஐந்தின் எதிரே “மாற்றம் தேவையில்லை” என்றும், இரண்டின் எதிரே புதிய உயிலின் பதிவு எண்ணும் இருக்கின்றன.